பின்பக்கம் கீல் வைத்த கதவு

நாள் முழுக்கக் கார் கதவு மாட்டிப் பிழைக்கிறவனுக்குக் கார் மேல் ஆசை வராது. வெறுப்புதான் வரும். ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில், இடது பின் கதவு மாட்டும் இடத்தில் நிற்கிறவன் நான். கதவைத் தூக்கி வைத்து, கீலில் போல்ட்டை முடுக்கி, இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் சுத்தியால் நாலு போடு. நிமிர்வதற்குள் அடுத்த கார் வந்து நிற்கும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் ரோட்டில் போகிற ஒவ்வொரு கார் கதவையும் எட்டி உதைக்கத் தோன்றும். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் கை முஷ்டி பிடித்தபடியே இருக்கும். பிறவியிலேயே எனக்கு முன்கோபம். இந்த வேலை அதில் எண்ணெய் ஊற்றியது.

ஒரு கதவுக்கு இரண்டு ஆள். ஒருவன் முடுக்கும்போது மற்றவன் தாங்கிப் பிடிக்க வேண்டும். என்னோடு கதவு பிடித்தவன் எங்கள் ஊர்க்காரன்தான். ஊர் என்று சொல்லக் கூடாது. அவன் ஊர், நான் காலனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு ஒயின் ஷாப்பும் இருக்கின்றன. இரண்டிலும் எல்லோரும் கலந்துதான் உட்காருவோம். கம்பெனிக்குள் அவன் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். டீயைப் பாதி பாதி ஊற்றிக் குடித்திருக்கிறோம். கேட்டுக்கு வெளியே அந்த மச்சான் செல்லாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே ஆறேழு வருடம் ஓட்டினோம்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு மட்டும் விடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஐம்பது வயதுக்காரர். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ஏலத்தில் எடுத்த வண்டி. சினிமாக்காரர்கள் வந்து கேட்டாலும் கொடுப்பதில்லை. ஓட்டுவதும் அவரேதான், வேறு ஆள் கை வைக்கக் கூடாது. தகர ஷெட்டில் தார்ப்பாயை உருவினார். உள்ளே கறுப்பும் பால் வெள்ளையுமாக, ஷெட்டின் நீளத்துக்கு ஒரு வண்டி நின்றது.

முதலில் வந்தது கோபம். இவ்வளவு அழகான பொருளை மனுஷன் செய்ய முடியும் என்றால் நாங்கள் தினமும் செய்து தள்ளுவதற்கு என்ன பெயர்? பழக்க தோஷத்தில் கதவின் ஓரத்தில் கட்டை விரல் நகத்தை விட்டு மேலிருந்து கீழே இழுத்தேன். நகம் எங்கேயும் இடறவில்லை, எங்கேயும் நழுவவும் இல்லை. அளவு பிடித்து வைக்கிற ஜிக் இல்லாமல், கேமரா இல்லாமல், எவனோ அரத்தை வைத்து நாள் கணக்கில் ராவியிருக்கிறான். அவன் கையை முத்தமிட வேண்டும், இல்லை உடைக்க வேண்டும் என்று இருந்தது.

“தேய்ச்சிகினே நிக்காத தம்பி, பாலிஷ் போய்டும்” என்றார் அக்கா.

அந்த வண்டியில் எல்லாமே ஏறுமாறாக இருந்தது. பானெட் முன்பக்கம் தூக்காது. நடுவில் கீல் வைத்து, இடது பாதி தனி, வலது பாதி தனி. கியர்க் கம்பி டிரைவருக்கு வலது பக்கம், கதவுக்கும் சீட்டுக்கும் இடையில் முளைத்திருந்தது. அந்தப் பக்கம் இறங்கினால் புடவை மாட்டும் என்று அக்கா இடது பக்கமாக நகர்ந்து நகர்ந்துதான் இறங்குவார். வளைவதைக் காட்ட விளக்கு கிடையாது. இரண்டு கதவுக்கும் நடுவிலிருந்து சாண் நீளக் கை ஒன்று ‘டக்’ என்று வெளியே நீளும், அதன் வயிற்றுக்குள் மஞ்சள் பல்பு எரியும். முன் சீட்டின் முதுகில் இரண்டு மடக்கு மேசை, வெற்றிலைப் பெட்டி அளவுக்கு. டிரைவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் நடுவில் முழுக் கண்ணாடி. டிரைவரிடம் பேச வேண்டும் என்றால் அதை நகர்த்த வேண்டும், வேண்டாம் என்றால் மூடிவிடலாம். யாரோ பெரிய மனுஷன், வேலைக்காரன் காதில் எதுவும் விழக் கூடாது என்று செய்துகொண்ட ஏற்பாடு. அந்தத் திமிரும் எனக்குப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் என் தம்பி உட்காரப்போகிறான் என்பதால் இன்னும் பிடித்தது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பின் கதவு. கீல் பின்னால் இருந்தது, கைப்பிடி முன்னால். கதவு பின்பக்கமாகத் திறக்கும். கைப்பிடியை இழுத்தாலும் வராது, அழுத்தினாலும் வராது. மேல் நோக்கித் திருப்ப வேண்டும். ஏன் அப்படி என்றால், இறங்குகிற ராஜாவோ ராணியோ குனிந்து வளைந்து புட்டத்தைக் காட்டிக்கொண்டு இறங்காமல், எழுந்து நேராக நடந்து வருவதற்கு. நான் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். மூடும்போது பூட்டு விழுகிற சத்தம் மட்டும்தான், தகரச் சத்தமே இல்லை. எத்தனை தடவை செய்தேன் என்று எனக்கே தெரியாது. அக்கா திட்டினார்.

செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். மறுநாள் டீ நேரத்தில் என்னோடு கதவு பிடிக்கிறவனிடம்தான் முதலில் காட்டினேன். வேறு யாருக்கு அந்த அருமை புரியும்? அவன் போனை வாங்கி இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தான். கதவை மாற்றி மாட்டிவிட்டான் முட்டாள் என்று சிரித்தான். மேலே திருப்பினால்தான் திறக்கும் என்று நான் கையை வைத்துக் காட்டியதும் சிரிப்பு நின்று, அவனும் காற்றில் திருப்பிப் பார்த்தான். பத்திரிகை வைத்தேன். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, கட்டாயம் வருகிறேன் மச்சான் என்றான்.

காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று ஏரிக்கரை மேல் மண் பாதை. எங்கள் வீட்டுக் கல்யாணமும் சாவும் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன. இன்னொன்று ஊர்த்தெரு வழியாகத் தார் ரோடு. அந்த ரோட்டில்தான் எங்கள் கம்பெனி பஸ் தினமும் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறது. பஸ்ஸில் போனால் தீட்டில்லை. என் அப்பா சின்ன வயதில் அந்தத் தெருவில் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டு போனதற்காக இறக்கி, மின்கம்பத்தில் தலையை மோதி விட்டிருக்கிறார்கள். முன்பல் இரண்டு அப்போது போனது. இன்றைக்கும் டவுன் பஸ் அந்தத் தெருவில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டார்.

அக்கா ஸ்கூட்டரில் வந்து வழியைப் பார்த்துவிட்டுப் போனார். ஏரிக்கரையில் மதகுக்குப் பக்கத்து வளைவில் நின்று தலையாட்டினார். அந்த நீளத்துக்கு வண்டி திரும்பாது, திருப்பினால் ஏரிக்குள்தான் இறங்கும் என்றார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் பெரிய சண்டை. சின்னக் கார் வைத்துக்கொண்டு கரை வழியாகவே போவோம் என்றார் அப்பா. கவர்மென்ட் போட்ட ரோட்டில் போக எவனிடம் கேட்க வேண்டும் என்று நான் தட்டை விட்டெறிந்தேன். சாம்பார் சுவரில் வழிந்தது. தம்பி சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னான்.

“நான் அந்தக் கார்லதான் வருவேன்பா. அந்தத் தெருலதான் வருவேன். ஒரு வாட்டி வந்துட்டா அப்பறம் யாரும் கேக்க மாட்டானுங்க.”

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் நான் ஸ்டேஷனில் போய் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு போலீஸ்காரர்களை அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பவும் செய்தார்கள். அவர்கள் மெயின் ரோட்டு டீக்கடையோடு நின்றுகொண்டார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மத்தியானம் அக்கா வண்டியைக் காலனிக்கு ஓட்டி வந்தது ஊர்த்தெரு வழியாகத்தான். வண்டி காலியாக வந்தபோது அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டதாம். பெரியவர்கள் கை காட்டி நிறுத்தி, பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாராம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. காரைப் பிடித்தவர்களுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்காதா என்று நினைத்தேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பினோம். முன்னால் பேண்டு செட். பின்னால் வேனில் அப்பாவும் பெண்களும். காருக்குள் பின் சீட்டில் தம்பியும் நானும், அவன் இடது பக்கம். பட்டுச் சட்டை, கழுத்தில் சம்பங்கி மாலை. முன்னால் இருந்த மடக்கு மேசையைத் திறந்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தான். கல்யாண மண்டபம் மெயின் ரோட்டில்தான், நடந்தாலே கொஞ்ச தூரம். ஊர்த்தெருவுக்குள் திரும்பும்போது அக்கா அந்தக் கையை நீட்டினார். மஞ்சள் பல்பு எரிந்தது.

தெருவின் நடுவில் வந்ததும் எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தது.

முதல் கல் முன் கண்ணாடியில் விழுந்தது. அடுத்தது எங்கிருந்து வந்தது, எத்தனை வந்தது என்று சொல்ல முடியாது. தகரத்தில் விழுகிற கல் ஒரு சத்தம், கண்ணாடியில் விழுகிறது ஒரு சத்தம், மனுஷன் மேல் விழுகிறது வேறு சத்தம். மூன்றும் கேட்டது. ட்ரம்காரரை யாரோ தள்ளி, ட்ரம்மை மிதித்துக் கிழித்தார்கள். பேண்டுக்காரர்கள் வாத்தியங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பின்னால் வேனிலிருந்து பெண்கள் கத்தினார்கள், டிரைவர் வேனைக் காலனிப் பக்கமே பின்னால் எடுத்தார். கைலியை மடித்துக் கட்டி, முகத்தில் கர்ச்சீப்பும் தலையில் ஹெல்மெட்டுமாக இருபது முப்பது பேர் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹெல்மெட்டுகளில் பாதி கம்பெனிகள் கொடுத்தவை. கார் விளக்கு வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்தாலே எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரியும்.

இடது பின் கதவுதான் அவர்கள் குறி. கதவின் பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்கள், கைப்பிடி இருக்கிற இடம் என்று. அங்கே கீல்தான் இருந்தது. நாளெல்லாம் கார் செய்கிறவர்கள், ஒருவனுக்கும் இந்தக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. நகத்தால் பிறாண்டினார்கள். ஒருவன் கைப்பிடியைக் கண்டுபிடித்துக் கீழே அழுத்து அழுத்தென்று அழுத்தினான். ஒருவன் இரும்புப் பைப்பால் ஜன்னலை அடித்தான். கண்ணாடி தம்பியின் மடியில் கொட்டியது. நான் அவனை என் பக்கம் இழுத்து மேலே கவிழ்ந்துகொண்டேன். கதவு திறக்காது, திறக்கவே திறக்காது என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தக் கதவைச் செய்தவனை மனதுக்குள் கும்பிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முழு முகமும் மூடிய ஹெல்மெட். வந்தவன் தேடவில்லை. நேராகக் கதவின் முன் ஓரத்தில் கையை வைத்தான், கைப்பிடியை மேலே திருப்பினான். கதவு திறந்தது.

அந்த நொடியில் எனக்கு அவன் யார் என்று தெரிந்துவிட்டது.

மாலையைப் பிடித்துத் தம்பியை இழுத்தான். மாலை அறுந்தது. சட்டைக் காலரைப் பிடித்தான். தம்பியின் பாதி உடம்பு வெளியே போய்விட்டது. பைப் தம்பி தலையில் இறங்கியதை நான் பார்க்கவில்லை, கேட்டேன். அவன் இடுப்பை ஒரு கையால் கட்டிக்கொண்டு, காலரைப் பிடித்திருந்த கையை நோக்கிக் குனிந்து மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்கும் மட்டும் கடித்தேன். வாயெல்லாம் உப்பு. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல் வந்தது. குரலும் அவனுடையதுதான். இன்னும் கடித்தேன். அவன் கையைத் துண்டாக எடுத்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. பொய் சொல்லவில்லை.

நடுக் கண்ணாடியைக் காலால் உதைத்தேன். அந்தப் பக்கம் அக்காவின் நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அவர் வலது கையால் கியரைத் தள்ளியதும் வண்டி துள்ளிப் பாய்ந்தது. விரியத் திறந்திருந்த கதவு எதிரில் நின்ற இரண்டு பேரை வாரி அடித்தது. கதவை அளவோடு பிடித்திருந்த தோல் வார் அறுந்து, கதவு மடங்கிப் பின் மட்கார்டில் போய் மோதியது. தம்பியின் தலை வெளியே தொங்க, கை தார் ரோட்டில் தேய, அவனை உள்ளே இழுத்துப் போட்டேன். டீக்கடையில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் வண்டி போவதைப் பார்த்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அக்கா பிரேக்கில் கால் வைக்கவில்லை.

தம்பி பிழைத்தான். மண்டையில் தையல். இடது காது போனது போனதுதான். முகூர்த்தம் ஆஸ்பத்திரி பெஞ்சில் கழிந்தது. கல்யாணப் பெண் கூரைப் புடவையோடு வந்து அவன் கட்டில் அருகே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போகச் சொன்ன தன் வீட்டு ஆட்களை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கட்டுப் பிரிப்பதற்கு முன்பே வல்லக்கோட்டை முருகன் சன்னிதியில் தாலி கட்டினான். அக்கா நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்திருந்தார். வண்டியைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“வண்டிய வுடு. கதவ வேற செஞ்சி மாட்டிக்கலாம். காத எங்கப்பா செய்வ?” என்றார்.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர், கதவைத் திறந்தவன் முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எப்படிப் பெயர் சொல்கிறாய் என்றார். அந்தக் கதவைத் திறக்க அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்றேன்.

“கார் கதவத் தொறக்கத் தெரிஞ்சவன்லாம் அக்யூஸ்டாய்யா?” என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

மணிக்கட்டில் என் பல் தடம் இருக்கும், போய்ப் பாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்கள். யாரும் போகவில்லை. கேஸில் பெயர் தெரியாத நபர்கள் என்று போட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த பைக் ஒன்றை உதைத்துத் தள்ளிவிட்டு வந்தேன்.

லீவு முடிந்து லைனுக்குப் போனேன். அவன் வந்திருந்தான். எப்போதும் நிற்கிற இடத்தில், எனக்கு எதிரில், முழுக்கைச் சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டு நின்றான். வலது மணிக்கட்டில் போட்டிருந்த கட்டு சட்டைக் கைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. கண்ணைப் பார்க்காமல், கதவுக்கு மேலாகக் கேட்டான்.

“தம்பிக்கு இப்ப எப்டி கீது மச்சான்?”

என் கையில் போல்ட் முடுக்குகிற கன் இருந்தது. அதை அவன் வாயில் வைத்து அழுத்துவது எப்படி இருக்கும் என்று முழுதாக நினைத்துப் பார்த்தேன். பிறகு அதைக் கீழே வைத்தேன்.

“கைல இன்னாடா கட்டு?”

“நாய் கட்ச்சிருச்சி” என்றான். “தெருநாய்.”

எங்கள் தலைக்கு மேலே லைன் நெடுக ஒரு கயிறு போகும். காரில் குறை தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், லைன் நின்றுவிடும். இழுத்தேன். மணி அடித்தது. லைன் நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்து என்ன குறை என்று காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் அவன் கையைப் பிடித்து முறுக்கி, கட்டை உருவினேன். மேலே ஆறு, கீழே ஆறு, பச்சையும் கறுப்புமாகப் பல் தடம்.

“நாய் கட்ச்சிதுன்றான் சார். இந்தாங்க, இதான் அந்தப் பல்லு” என்று வாயைத் திறந்து காட்டினேன்.

அக்கம்பக்கத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஊர்க்காரர்களும் இருந்தார்கள், காலனிக்காரர்களும் இருந்தார்கள். அவன் கையை உருவிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். சூப்பர்வைசர் தடத்தையும் பார்த்தார், என் வாயையும் பார்த்தார். ஊர்ச் சண்டையைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவரே கயிற்றை இழுத்து லைனை ஓடவிட்டார்.

கார் வந்தது. அவன் கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கார் இடது பின் கதவு இல்லாமல் அடுத்த இடத்துக்குப் போனது. அடுத்த கார் வந்தது, அதுவும் அப்படியே போனது. சூப்பர்வைசர் கத்தினார், வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். மூன்றாவதும் போனது. கடைசியில் கம்பெனியே லைனை நிறுத்தியது. மேல்மாடியிலிருந்து நான் அதுவரை பார்த்தே இராத மேனேஜர் இறங்கி வந்து, என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு என்றார்.

என் தம்பியின் மண்டையைப் பிளந்ததற்கு அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. மூன்று கார் கதவில்லாமல் போனதும் கேட்டார்கள். சொன்னேன்.